முகாமில் பிறந்த பையன் இந்திய ராணுவத்தில் சேர முடியுமா?

தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். அவர் 2005 மார்ச்சில் தமிழ்நாட்டில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் பிறந்தவர். அப்பா 1990இல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர். அம்மா 1984இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். பாட்டி முதலில் இந்திய வம்சாவளித் தமிழர் வேலை செய்யும் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து, கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்தவர். தம்பி பி.எஸ்சி. முடித்திருக்கிறார், தினமும் ஓடுகிறார். ராணுவ அதிகாரி தேர்வு அறிவிப்பில் 'இலங்கையிலிருந்து குடிபெயர்ந்த இந்திய வம்சாவளியினர்' என்று ஒரு வரி பார்த்திருக்கிறார். அது தனக்குப் பொருந்துமா, பொருந்தாவிட்டால் வேறு நாட்டு ராணுவத்தில் சேர்ந்து அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கலாமா என்பது அவர் கேள்வி.

நான் ராணுவத்தில் கிளார்க்காக இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன். சர்வீஸின் கடைசி சில வருடங்கள் ஆள்சேர்ப்பு வேலையில், காகிதம் சரிபார்க்கும் மேசையில் கழிந்தன. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். 1950ஆம் வருட ராணுவச் சட்டத்தின் 11ஆம் பிரிவு இரண்டே வரிதான். இந்தியக் குடிமகன் அல்லாத யாரையும், மத்திய அரசு எழுத்து மூலம் சம்மதம் தராமல், படையில் சேர்க்கக் கூடாது. ஆனால் நேபாளப் பிரஜைகளைச் சேர்க்க இந்தப் பிரிவு தடை அல்ல. 1957ஆம் வருடக் கடற்படைச் சட்டமும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. அதாவது கதவு குடிமகனுக்குத் திறந்திருக்கிறது, நேபாளிக்கும் திறந்திருக்கிறது, மற்றவர்களுக்கு அரசாங்கம் கையெழுத்துப் போட்டால் திறக்கும்.

நேபாளத்துக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை என்று நிறைய பேர் கேட்பார்கள். கூர்க்காக்களை ஆங்கிலேயர் 1815இலேயே படையில் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். சுதந்திரம் வந்தபோது பத்து கூர்க்கா ரெஜிமென்ட்கள் இருந்தன. 1947இல் இந்தியா, பிரிட்டன், நேபாளம் மூன்றும் ஒப்பந்தம் போட்டு ஆறு ரெஜிமென்ட் இந்தியாவுக்கும் நான்கு பிரிட்டனுக்கும் என்று பிரித்துக்கொண்டன. பிறகு பதினொன்றாவது கூர்க்கா ரைபிள்ஸை இந்தியாவே உருவாக்கியது. அந்த ஏழு ரெஜிமென்ட்கள் இன்றும் இருக்கின்றன. ஒரு நேபாளத்துக்காரர் முழு சர்வீஸும் முடித்து, ஊர் திரும்பி, போகராவிலோ தரானிலோ உள்ள இந்தியப் பென்ஷன் அலுவலகத்தில் பணம் வாங்கிக்கொள்வார். கடைசி வரை அவர் நேபாளக் குடிமகன்தான். நான் கூடப் பணியாற்றிய ஒரு கூர்க்கா ஹவில்தார் கார்கிலில் சண்டை போட்டவர். லீவில் போகும்போது எல்லையில் அவர் காட்டுவது நேபாளக் குடியுரிமைச் சான்று. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடிப்பு கிழியாமல், சட்டையின் உள்பையில் வைத்திருப்பார்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. இந்திய ராணுவத்தில் உழைப்பது இந்தியக் குடியுரிமைக்கு வழி அல்ல. இங்கே குடியுரிமை முன்னால் வரும், சீருடை அதற்குப் பிறகுதான். 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் வந்த பிறகு நேபாள அரசு ஆள்சேர்ப்புக்கு ஒப்புதல் தராமல் நிறுத்தி வைத்தது. நான்கு வருடத்தில் முக்கால்வாசிப் பேரைத் திருப்பி அனுப்பும் திட்டம் 1947 ஒப்பந்தத்தோடு பொருந்துமா என்பது அவர்கள் கேள்வி. இருநூறு வருடப் பழக்கமே அப்படி நின்றுவிட்டது.

சரி, நீங்கள் பார்த்த வரிக்கு வருகிறேன். அதிகாரி பதவிக்கான தேர்வை யு.பி.எஸ்.சி. நடத்துகிறது. அதன் அறிவிப்பில் குடியுரிமை பற்றி ஒரு பத்தி உண்டு. இந்தியக் குடிமக்கள், நேபாளப் பிரஜைகள், அப்புறம் பாகிஸ்தான், பர்மா, இலங்கை, கென்யா, உகாண்டா, தான்சானியா, ஜாம்பியா, மலாவி, ஜைர், எத்தியோப்பியா, வியட்நாம் ஆகிய நாடுகளிலிருந்து இந்தியாவில் நிரந்தரமாகக் குடியேறும் எண்ணத்தோடு வந்த இந்திய வம்சாவளியினர். பூட்டான் பிரஜைகளும், 1962 ஜனவரி 1க்கு முன் வந்த திபெத்திய அகதிகளும் பல வருட அறிவிப்புகளில் இருந்தார்கள். எந்த வருடம் விண்ணப்பிக்கிறீர்களோ அந்த வருட அறிவிப்பைத்தான் நம்ப வேண்டும்.

அந்தப் பட்டியலை மெதுவாகப் படித்துப் பாருங்கள். ஜைர் என்ற பெயரில் 1997க்குப் பிறகு ஒரு நாடே கிடையாது. பர்மா என்று எழுதுகிறார்கள், மியான்மர் என்று எழுதுவதில்லை. எங்கிருந்தெல்லாம் இந்திய வம்சாவளி மக்கள் துரத்தப்பட்டார்களோ, கிளம்பி வந்தார்களோ அந்த நாடுகளின் பட்டியல் அது. 1960களில் பர்மாவில் ராணுவ ஆட்சியாளர் நே வின் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமை ஆக்கியபோது கையில் ஒன்றும் இல்லாமல் கப்பலேறியவர்கள், 1972இல் உகாண்டாவிலிருந்து இடி அமீன் விரட்டியவர்கள், 1975இல் சைகோன் விழுந்தபோது வந்தவர்கள். சென்னை பர்மா பஜார் உருவானதும் இப்படி வந்தவர்களால்தான்.

இதில் இலங்கை என்ற பெயருக்குப் பின்னால் இருப்பது 1964 அக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்திட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்களாக ஆக்கப்பட்டிருந்த 9,75,000 மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவானது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆடு மாட்டைப் பிரிப்பது போல மனிதரைப் பிரித்தார்கள் என்று அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படி வந்தவர்கள் இந்தியப் பாஸ்போர்ட்டோடு தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பலில் வந்தார்கள். அவர்களுக்கு வேலை தரத்தான் நீலகிரியில் தமிழக அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன. அதே நீலகிரியில், வெலிங்டனில், மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் இருக்கிறது. தாயகம் திரும்பியோர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே வந்து நின்றால் யாரும் தடுக்க முடியாது, ஏனென்றால் அவர்கள் இந்தியக் குடிமக்கள்.

ஆக, நீங்கள் பார்த்த வரி ஒப்பந்தத்தின்படி வந்தவர்களை மனதில் வைத்து எழுதியது. 1983க்குப் பிறகு போருக்குப் பயந்து படகில் வந்தவர்களை அரசாங்கம் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நிரந்தரமாகக் குடியேற வந்தவர்கள் என்று அல்ல, தற்காலிகமாக அடைக்கலம் தேடி வந்தவர்கள் என்றுதான் பார்க்கிறது. அதோடு இந்தப் பிரிவில் வருபவர் 'தகுதிச் சான்று' ஒன்றை இந்திய அரசிடமிருந்து வாங்க வேண்டும். கூர்க்காக்களுக்கு மட்டும் அது தேவையில்லை. அந்தச் சான்று இல்லாமல் அந்த வரியை நம்பி விண்ணப்பித்தால் நியமன நேரத்தில் நின்றுவிடும். போதாக்குறைக்கு, அந்த வரி 'குடிபெயர்ந்தவர்' என்கிறது. நீங்கள் எங்கிருந்தும் பெயரவில்லை, இங்கே பிறந்தீர்கள்.

இப்போது உங்கள் வீட்டு விஷயம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் உங்கள் அம்மாவின் பிறந்த தேதியில் இருக்கிறது.

1955ஆம் வருடக் குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு பிறப்பால் வரும் குடியுரிமை பற்றியது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர், அப்பா அம்மா யாராக இருந்தாலும், குடிமகன். வெளிநாட்டுத் தூதர் பிள்ளை போன்ற ஓரிரு விலக்குகள் தவிர வேறு நிபந்தனை இல்லை. 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தால், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கிவிட்டார்கள். இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

உங்கள் அம்மா 1984இல் மண்டபத்தில் பிறந்தவர். அதற்கு ஆதாரம் இருந்தால், அவராகப் போய் வேறு நாட்டுக் குடியுரிமை எதையும் வாங்கிக்கொள்ளாமல் இருந்தால், சட்டப்படி அவர் பிறந்த நாளிலிருந்தே இந்தியக் குடிமகள். யாரும் புதிதாகக் கொடுக்க வேண்டியதில்லை. இது நானாகச் சொல்வது அல்ல. 1986இல் அதே மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுத்தபோது, உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் இந்தப் பிரிவைக் காட்டித்தான் அவர் இந்தியக் குடிமகள், பாஸ்போர்ட் கொடுங்கள் என்று உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் திருச்சியில் ஓட்டும் போட்டார்.

உங்களுக்கு 2003இல் பிறந்த அக்கா இருந்தால், அவரும் இந்தியக் குடிமகள். பெற்றோரில் ஒருவர் குடிமகளாக இருந்தாலே அந்தக் காலக் கணக்கில் போதும். நீங்கள் பிறந்தது 2005 மார்ச். மூன்று மாதம் தாமதம். உங்கள் அப்பா பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவர் என்பதால் சட்டத்தின் பாஷையில் அவர் 'சட்டவிரோதக் குடியேறி'. ஒரே அம்மாவின் வயிற்றில், ஒரே முகாமில், ஒரே கூரைக்குக் கீழே பிறந்த இருவரில் ஒருவர் குடிமகள், ஒருவர் அல்ல. இதை எழுதும்போதே எனக்கு மனசு கனக்கிறது. குண்டுக்குப் பயந்து ஓடி வந்தவரிடம் பாஸ்போர்ட் எங்கே என்று கேட்கும் வார்த்தை அது. அந்த வார்த்தையை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகளின் முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்கு மட்டும் அந்த வார்த்தையிலிருந்து விலக்குக் கொடுத்தது. இலங்கையைச் சேர்க்கவில்லை. 2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசின் ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. நிம்மதி தரும் விஷயம்தான், ஆனால் அது குடியுரிமை அல்ல.

அப்படியானால் உங்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது, ஆனால் நேரம் எடுக்கும்.

ஒன்று, பாட்டி. மலையகத்திலிருந்து வந்தவர் என்பது பெரிய விஷயம். ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமை கொடுக்கப்பட்டும், 1984இல் கப்பல் நின்றுபோனதால் வர முடியாமல் அங்கேயே தங்கி, பிறகு அகதியாக வந்த குடும்பங்கள் உண்டு. பாட்டியின் பெட்டியில், தாத்தாவின் பழைய காகிதங்களில், இந்தியப் பாஸ்போர்ட்டோ தூதரகம் கொடுத்த கடிதமோ இருக்கிறதா என்று பாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, எண் தெரிந்தால் போதும். திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருந்த மலையக வம்சாவளியினர் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில் மதுரைக் கிளை அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிவோடு பரிசீலிக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பின் நகலை உங்கள் வழக்கறிஞர் படித்திருக்க வேண்டும்.

இரண்டு, நீங்களே. 'சட்டவிரோதக் குடியேறி' என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம், உரிய ஆவணம் இல்லாமல் இந்தியாவுக்குள் 'நுழைந்த' வெளிநாட்டவர் என்பது. நீங்கள் நுழையவில்லை, இங்கேயே பிறந்தீர்கள். பதிவு மூலமோ, இத்தனை வருடம் வசித்த அடிப்படையிலோ குடியுரிமை கேட்கும்போது உங்களுக்காக வைக்க வேண்டிய முதல் வாதம் இதுதான். விண்ணப்பம் ஆட்சியர் அலுவலகம் வழியாக மேலே போகும். உங்களுக்குக் கீழே பதினெட்டு நிரம்பாத தங்கையோ தம்பியோ இருந்தால், அம்மாவின் குடியுரிமை உறுதியானவுடன், 'இந்தியக் குடிமகளின் மைனர் பிள்ளை' என்று ஐந்தாம் பிரிவில் பதிவு கேட்க இடமிருக்கிறது. பதினெட்டு தாண்டினால் அந்தக் கதவு மூடிவிடும். இதில் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

நான் சொன்னபடி ஒரு அக்கா இருந்து, அவருக்கு ஆசையும் இருந்தால், அவர் டிகிரியோடு யு.பி.எஸ்.சி. தேர்வு எழுதி, பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கே முயற்சி செய்யலாம். பாஸ்போர்ட்டை முதலில் வாங்கிக்கொள்ளட்டும்.

இங்கே ஆதார் பற்றிச் சொல்லியாக வேண்டும். முகாம் பிள்ளைகள் பலரிடம் ஆதார் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். ஆதார் இங்கே வசிப்பவருக்குக் கொடுப்பது. அது குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்று ஆதார் சட்டமே சொல்கிறது.

நான் மேசையில் இருந்த காலத்தில் ஒரு பையன் வந்தான். அப்போது ஓட்டம் முதலில், காகிதம் பிறகு. 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்து முதல் குழுவில் வந்தவன். வேர்வை சொட்டச் சொட்ட ஃபைலை நீட்டினான். மதிப்பெண் பட்டியல், ஆதார், போட்டோ எல்லாம் வரிசையாக இருந்தன. இருப்பிடச் சான்று இருக்க வேண்டிய இடத்தில் முகாம் குடும்ப அட்டையின் நகல் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. "சார், நான் இங்கதான் பொறந்தேன்" என்றான். நம்பர் ஒட்டிய பனியனைக் கழற்றி மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனான். அவனுக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. அவனை உட்கார வைத்து, அம்மா எங்கே பிறந்தார், எந்த வருடம் என்று கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இன்று இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

யாராவது ஏஜென்ட் வந்து, இருப்பிடச் சான்று ரெடி பண்ணித் தருகிறேன், ஊர் பெயரை மட்டும் மாற்றிக்கொள் என்றால், அவரை வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள். படையில் சேரும்போது படிவத்தில் குடியுரிமை பற்றிக் கேள்வி இருக்கும். தெரிந்தே பொய்ப் பதில் சொன்னால் ராணுவச் சட்டத்தின் 44ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை. அதற்கு மேல் உங்கள் குடியுரிமை விண்ணப்பத்துக்கே அது கொள்ளி வைத்துவிடும்.

வெளிநாட்டு ராணுவம் பற்றிக் கேட்டீர்கள். சில நாடுகளில் நம் ஊர் வரிசை தலைகீழ். அமெரிக்காவில் கிரீன் கார்டு இருந்தால் சிப்பாயாகச் சேரலாம், அதிகாரி ஆகத்தான் குடியுரிமை வேண்டும். சேர்ந்தவர்களுக்குக் குடியுரிமை பெற விரைவு வழியும் உண்டு. 2008இல் தொடங்கி 2016 வரை நடந்த ஒரு திட்டத்தில், கிரீன் கார்டு இல்லாமலே விசாவில் இருந்தவர்களையும் மொழி அறிவுக்காக எடுத்தார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. இப்போது அது இல்லை. பிரிட்டிஷ் ராணுவம் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களை எடுக்கிறது. பிரான்ஸின் அந்நியர் படை 1831இல் தொடங்கியது, எந்த நாட்டவரும் சேரலாம், மூன்று வருடம் கழித்துக் குடியுரிமை கேட்கலாம். சண்டையில் காயப்பட்டவருக்கு 'சிந்திய ரத்தத்தால் பிரெஞ்சுக்காரர்' என்று அதற்கு முன்பே தருவதற்கு 1999இல் ஒரு சட்டம் வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிரான்ஸுக்கு நீங்களாகப் போய் அவர்கள் வாசலில் நிற்க வேண்டும், கையில் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட் இல்லாதவருக்கு இந்த வழிகள் எதுவும் உதவாது.

ரஷ்யாவுக்கு அனுப்புகிறோம், ராணுவத்தில் உதவியாளர் வேலை, ஒரு வருடத்தில் குடியுரிமை என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருந்தால் உடனே அழித்துவிடுங்கள். இந்தியர்களையும் இலங்கையரையும் இப்படி ஏமாற்றிக் கூட்டிப்போய் உக்ரைன் போர்முனையில் நிறுத்தினார்கள். சிலர் பிணமாகத்தான் திரும்பினார்கள். 2024 மார்ச்சில் சி.பி.ஐ. இதற்காக வழக்குப் போட்டுப் பல ஊர்களில் சோதனை நடத்தியது.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். அம்மாவின் பிறப்புச் சான்று. மண்டபத்தில் பிறப்பு பதிவானதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் 1984ஆம் வருடப் பதிவேட்டைத் தேடச் சொல்லுங்கள். பெயர் இல்லாமல் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கலாம், அப்பா பெயரை வைத்துத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் ஆஸ்பத்திரியின் பிரசவப் பதிவேடு, முகாம் பதிவேடு, அம்மாவின் முதல் பள்ளிச் சேர்க்கைப் பதிவு. எது கிடைத்தாலும் நகல் எடுத்துச் சான்றொப்பம் வாங்கி வையுங்கள். என்ன கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள், அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். காலை ஓட்டத்தை விட்டுவிடாதீர்கள்.